93 வீடு மாறிய ஓவியர்



நம்ம காலேஜ்ல நல்லா படம் வரையத் தெரிஞ்ச ஒருத்தர் மாட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். சிம்போசியம் போஸ்டர் அவர் தலையில. டிபார்ட்மென்ட் டி-ஷர்ட் டிசைன் அவர் தலையில. ஃபேர்வெல் பேனரும் அவர் தலையில. எல்லாமே நாளைக்குக் காலையிலேயே வேணும். கூலி? ஒரு டீ, ஒரு முட்டை பப்ஸ்.

அப்படி வரைஞ்சு வரைஞ்சு கை பழகின சிலர் இப்போ வெளியிலும் காசுக்கு வரைய ஆரம்பிச்சிருக்காங்க. யூடியூப் தம்ப்நெயில், புத்தக அட்டை, கல்யாணப் பத்திரிகைன்னு மாசத்துக்கு ரெண்டு வேலை வருது. மூணாவது வருஷம் முடியும்போது மனசுக்குள்ள ஒரு கேள்வியும் வருது. ப்ளேஸ்மென்ட்ல உட்காரலாமா, இல்ல இதையே முழுநேரத் தொழிலா எடுத்துக்கலாமா? ஃப்ரீலான்ஸ்னா சுதந்திரம்னு ஒரு பக்கம் சொல்றாங்க, சோறு கிடைக்காதுன்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க. எது உண்மை?

ரெண்டுமே உண்மை. அதை ஐம்பது வருஷத்துக்கும் மேல வாழ்ந்து பார்த்த ஒரு மனுஷனோட கதை இது. அவர் வரைஞ்ச படம் ஒண்ணை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தர் லேப்டாப்ல ஸ்டிக்கரா ஒட்டியிருப்பாங்க. நீல நிறத்துல எழும்பி நிற்கிற பெரிய அலை, நுனியில நகம் மாதிரி நுரை, அடியில மாட்டிக்கிட்ட படகுகள், தூரத்துல சின்னதா ஒரு மலை. அதை வரைந்தவர் ஜப்பானைச் சேர்ந்த ஹொக்குசாய்.

செதுக்குபவராகத் தொடங்கியவர்

ஹொக்குசாய் 1760இல் எடோ நகரத்தில் பிறந்தார். இன்றைய டோக்கியோதான் அன்றைய எடோ. ஷோகன் அரண்மனைக்குக் கண்ணாடி செய்துகொடுத்த நாகஜிமா இசே என்பவரே இவருடைய தந்தை என்று கருதப்படுகிறது. ஆனால் அவர் இவரைத் தன் வாரிசாக ஆக்கவில்லை. அதனால் சின்ன வயதிலேயே வேலைக்குப் போக வேண்டிவந்தது. முதலில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடை. பிறகு 14 வயதுவாக்கில் அச்சுக்கு மரப்பலகை செதுக்குபவரிடம் தொழில் பழகப் போனார்.

இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. வரையறதுக்கு முன்னாடியே, வரைஞ்ச படம் பலகைக்கு எப்படி மாறுதுன்னு உளி பிடிச்சுக் கத்துக்கிட்டவர் இவர். பின்னாடி இது ரொம்ப உதவப் போகுது.

18 வயதில் கட்சுகவா ஷுன்ஷோ என்ற பெரிய ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். கபுகி நாடக நடிகர்களின் படங்களுக்குப் பேர்போன பட்டறை அது. அன்றைய வழக்கப்படி குரு தன் பெயரின் ஒரு பகுதியை எடுத்து இவருக்கு ஷுன்ரோ என்று பெயர் வைத்தார். நம்ம கணக்குல சொன்னா இது ஒரு நல்ல கம்பெனி வேலை. பட்டறையின் பெயரைப் பார்த்தே ஆர்டர் வரும். பட்டறையின் பாணியில் வரைந்தால் போதும், வாழ்க்கை ஓடிவிடும்.

கிட்டத்தட்ட 15 வருடம் அப்படியே ஓடியது. குரு இறந்த பிறகு, 1793 - 94 வாக்கில், இவர் அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்தார். வேறு பாணி ஓவியங்களையும் ரகசியமாகக் கற்றுக்கொண்டதால் துரத்தப்பட்டார் என்பது பலர் சொல்லும் காரணம். இவர் ஒரு கடைக்கு வரைந்துகொடுத்த பெயர்ப்பலகையை மூத்த மாணவர் ஒருவர் மட்டமாக இருக்கிறதென்று கிழித்துப்போட்டதாகவும், அந்த அவமானமே தன்னை வளர்த்தது என்று இவர் பின்னாளில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

மிளகாய்ப் பொடி விற்ற நாட்கள்

வெளியே வந்ததும் என்ன ஆச்சு? ஆர்டர் நின்னுபோச்சு. பட்டறையின் பெயர் இல்லாத ஓவியரை யாருக்கும் தெரியவில்லை. தெருவில் மிளகாய்ப் பொடி விற்றார், காலண்டர் விற்றார். ஒருநாள் அப்படி விற்றுக்கொண்டு போகும்போது தெரிந்தவர்கள் எதிரே வர, வெட்கப்பட்டு முகத்தை மறைத்துக்கொண்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் குழந்தைகள். வயதோ முப்பதைத் தாண்டிவிட்டது.

இந்த இடத்துல பலர் திரும்பிப் போயிருப்பாங்க. ஏதாவது ஒரு பட்டறையில் சேர்ந்து மாசக் கஞ்சிக்கு வழி பார்த்திருப்பாங்க. இவரும் கொஞ்ச காலம் இன்னொரு பட்டறையின் சோரி என்ற பெயரில் வரைந்தார். ஆனால் 1798இல் அந்தப் பெயரையும் தன் மாணவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, எந்தப் பட்டறையையும் சேராத தனி ஓவியர் என்று அறிவித்துக்கொண்டார். ஹொக்குசாய் என்ற பெயர் அப்போது வைத்துக்கொண்டதுதான். அப்போது வயது 38.

அதன் பிறகும் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. வாழ்நாளில் 30க்கும் மேற்பட்ட பெயர்கள். பழைய பெயரை மாணவருக்குக் கொடுப்பதில் ஓரளவு வருமானமும் இருந்தது என்கிறார்கள். ஆனால் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பத்து வருஷம் உழைச்சு ஃபாலோயர்ஸ் சேர்த்த ஒரு பக்கத்தை இன்னொருத்தர் கையில கொடுத்துட்டு, புதுப் பேர்ல பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கிற மாதிரி. பட்டறைக்காரரால் இதைச் செய்ய முடியாது. தனியாளால் முடியும்.

அந்தத் தொழில் எப்படி நடந்தது?

அப்போது ஜப்பானில் படம் என்பது நாலு பேர் சேர்ந்து செய்யும் பொருள். பதிப்பாளர் பணம் போடுவார். என்ன படம், எத்தனை நிறம், எப்போது கடைக்கு வரவேண்டும் என்று முடிவு செய்வதும் அவர்தான். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப்பலகையில் ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைச் செதுக்கி எடுப்பார். அதாவது, ஓவியரின் மூலப்படம் அங்கேயே அழிந்துவிடும். பிறகு அச்சடிப்பவர் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை என்று தாளின் மேல் பதித்து எடுப்பார்.

இதில் ஓவியருக்குக் கிடைப்பது ஒரே ஒரு முறை கொடுக்கும் கூலி. பலகைகள் பதிப்பாளருக்குச் சொந்தம். நூறு பிரதி போட்டாலும் ஆயிரம் பிரதி போட்டாலும் ஓவியருக்கு மறுபடி ஒரு காசு வராது. ராயல்டி என்ற பேச்சே கிடையாது.

இதை ஒரு தடவை மனசுல வாங்கிக்கோங்க. உலகத்திலேயே அதிகம் பிரதி எடுக்கப்பட்ட படங்களில் ஒன்றை வரைந்தவர் இந்தக் கணக்கில்தான் வாழ்ந்தார்.

க்ளையண்ட் தொல்லை அன்றும் உண்டு

1804 முதல் 1815 வரை இவருக்கு நல்ல காலம். தக்கிசாவா பாக்கின் என்ற புகழ்பெற்ற எழுத்தாளரின் நாவல்களுக்குப் படம் வரைந்தார். பிறைநிலவு வில் பற்றிய அவர்களுடைய வீரக்கதை 1807இல் வரத் தொடங்கிப் பெரிய வெற்றி பெற்றது. ஆனால் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு காட்சியில் பாத்திரம் வாயில் வைக்கோல் செருப்பைக் கவ்வியிருக்க வேண்டும் என்று பாக்கின் சொல்ல, முதலில் நீங்கள் கவ்விக் காட்டுங்கள் என்று இவர் சொன்னதாகக் கதை. ஒரு நூலின் விஷயத்தில் சண்டை முற்றி, எழுத்தாளரா ஓவியரா என்று பதிப்பாளர் முடிவெடுக்க வேண்டிய நிலை வந்தது. பதிப்பாளர் ஓவியரை வைத்துக்கொண்டார்! வாங்குபவர்கள் படத்துக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு கதை, இவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. டச்சு வணிகக் குழுவின் தலைவரும் அவருடன் வந்த மருத்துவரும் ஜப்பானியர் வாழ்க்கையைக் காட்டும் ஓவியச் சுருள்களை ஆளுக்கு ஒரு தொகுதியாகக் கேட்டார்கள். விலை பேசி, வரைந்து, கொண்டுபோய்க் கொடுத்தார். தலைவர் பேசியபடி பணத்தைக் கொடுத்தார். தன் சம்பளம் குறைவு என்று சொல்லி மருத்துவர் பாதி விலைக்குக் கேட்டார். இவர் சுருள்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கடன் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் பாதியாவது வாங்கியிருக்கலாமே என்று மனைவி திட்டினார். ஆளுக்கொரு விலை சொல்பவர்கள் ஜப்பானிய ஓவியர்கள் என்ற பேச்சு வருவதை விட வறுமையே மேல் என்பது இவர் பதில். பிறகு தலைவருக்கு விஷயம் தெரிந்து அந்தச் சுருள்களையும் முழு விலைக்கு வாங்கிக்கொண்டார் என்று கதை முடிகிறது.

மனைவி பக்கமும் நியாயம் இருக்கு இல்லையா? எல்லா க்ளையண்டுக்கும் பின்னாடி ஒரு நல்ல தலைவர் வந்து நிற்க மாட்டார்.

விளம்பரமும் தெரியும்

கலைஞர்னா மூலையில உட்கார்ந்து வரைஞ்சுக்கிட்டே இருப்பார், மார்க்கெட்டிங் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. 1804இல் எடோ நகரத்துக் கோயில் திருவிழா ஒன்றில், கூட்டத்தின் நடுவே பிரம்மாண்டமான தாளை விரித்துத் துடைப்பத்தை மையில் தோய்த்துப் போதிதர்மரின் உருவத்தை வரைந்தார். நம்ம காஞ்சிபுரத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற அதே போதிதர்மர்தான். ஜப்பானில் அவர் பெயர் தருமா. 1817இல் நகோயா நகரத்தில் இதையே மறுபடியும் செய்தார். அந்தத் தாள் 120 தத்தாமிப் பாய்களை விரித்த அளவு. அப்போது வந்துகொண்டிருந்த தன் புத்தக வரிசைக்கு அது விளம்பரம்.

அந்தப் புத்தக வரிசைதான் ஹொக்குசாய் மங்கா. 1812இல் நகோயா போயிருந்தபோது வரைந்து தள்ளிய சுமார் 300 படங்களில் இருந்து அது தொடங்கியது. 1814இல் முதல் தொகுதி. இவர் இறந்த பிறகும் வந்து 1878இல் 15ஆவது தொகுதியோடு முடிந்தது. மல்யுத்தம் செய்பவர், குளிப்பவர், தவளை, பாலம், பேய், மழையில் ஓடுபவர் என்று கண்ணில் பட்டதெல்லாம் அதில் உண்டு. அதே காலத்தில், எளிதாகப் படம் வரைவது எப்படி என்ற பாடப்புத்தகங்களும் போட்டார். இன்றைக்கு டுடோரியல் வீடியோ போட்டுச் சம்பாதிக்கிற மாதிரிதான். காசுக்கும் ஆச்சு, மாணவர் சேரவும் ஆச்சு.

எழுபதில் வந்த அலை

சரி, நல்லாத்தானே போய்க்கிட்டிருக்குன்னு தோணும். அறுபது வயதுக்கு மேல் எல்லாம் சரிந்தது. 1827 வாக்கில் பக்கவாதம் வந்தது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். தனியாளுக்கு அந்தச் சுவர் அவன் உடம்புதான். மெடிக்கல் லீவும் கிடையாது, இன்ஷூரன்ஸும் கிடையாது. 1828இல் மனைவி இறந்தார். பேரன் சூதாடிக் கடன் வைக்க, கடன்காரர்கள் தாத்தாவின் வாசலில் வந்து நின்றார்கள். 1830இல் எழுதிய கடிதத்தில், பணமில்லை, உடுக்கத் துணியில்லை, சாப்பாட்டுக்கே இழுபறி என்ற நிலையைச் சொல்லியிருக்கிறார். நாடறிந்த ஓவியர், வயது 70!

அந்த நேரத்தில்தான் பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சி ஃபூஜி மலையைப் பற்றிய வரிசை ஒன்றை வெளியிடத் தொடங்கினார். பிரஷ்யன் ப்ளூ என்ற ஐரோப்பிய நீலச்சாயம் அப்போதுதான் விலை குறைந்து ஜப்பானில் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தது. பழைய தாவர நீலத்தைப் போல அது எளிதில் வெளுக்காது. ஆழமான நீலம் முதல் மங்கல் நீலம் வரை கொண்டுவரலாம். ஃபூஜி மலையின் 36 காட்சிகள் என்று அறிவித்த அந்த வரிசை, நன்றாக விற்றதால் 10 படங்கள் கூடி 46 ஆனது. அதில் ஒன்றுதான் அந்தப் பெரிய அலை.

ஒரு படத்தின் விலை ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலையை ஒட்டி இருந்தது. ஆயிரக்கணக்கில் விற்றது. இவருக்கு வந்தது அதே ஒற்றைக் கூலி. 2023இல் நியூயார்க் ஏலத்தில் அந்த அலையின் ஒரே ஒரு பழைய பிரதி 27 லட்சம் டாலருக்கு மேல் போனது.

மூக்கு சரியில்லை

1833 முதல் ஜப்பானில் பெரும் பஞ்சம். அரிசிக்கே வழியில்லாதபோது படம் யார் வாங்குவார்? கையால் வரைந்த படங்களை ஆல்பமாகக் கட்டி விற்று நாளை ஓட்டினார் என்கிறார்கள். 1835இல் நூறு பழைய கவிதைகளுக்கு நூறு படம் என்று ஒரு பெரிய வேலை தொடங்கியது. பாதியில் பதிப்பாளர் நொடித்துப்போனார். வேறு பதிப்பாளர் கைக்குப் போயும் அச்சாகி வந்தது 27 படங்கள்தான்.

ஆனால் அதே வருடங்களில் பதிப்பாளர்களுக்கு எழுதிய கடிதங்களில் அவர் எதற்குச் சண்டை போட்டார் தெரியுமா? மூக்குக்கு! செதுக்குபவர்கள் தான் வரைந்த மூக்கை விட்டுவிட்டு வேறு பட்டறையின் பாணி மூக்கைச் செதுக்குகிறார்கள், தான் போடாத கீழ் இமையைச் சேர்க்கிறார்கள் என்று, சின்னப் படம் போட்டுக் காட்டி எழுதினார். எகாவா தொமேகிச்சி என்ற செதுக்குபவரிடமே வேலையைக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். உளி பிடித்த கைக்குத் தெரியும், தவறு எங்கே நடக்கிறது என்று. பசியோடு இருக்கும்போதும் தரத்தில் மட்டும் பேரம் பேசவில்லை.

1839இல் வீடு தீப்பிடித்தது. அதுவரை சேர்த்து வைத்த படங்கள் எல்லாம் சாம்பல். பேக்கப் கிடையாது. மிஞ்சியது தூரிகைகளும் கையும்தான். அதன் பிறகு, 1842 - 43இல், தினமும் ஒரு சிங்கம் வரைவது என்று வைத்துக்கொண்டார். தீமையை ஓட்டும் வேண்டுதலாக வரைந்தவை அவை. விற்பனைக்கு இல்லை. அந்த வயதில், அந்த நிலையில், ஒரு நாளின் முதல் படத்தை யாருக்காகவும் இல்லாமல் வரைந்திருக்கிறார்.

மகளும் பொட்டலங்களும்

கடைசிக் காலத்தில் உடனிருந்தவர் மகள் ஓயி. மணவாழ்க்கை முறிந்து தந்தையிடம் திரும்பி வந்தவர். அவரும் தேர்ந்த ஓவியர். பெயர் போட்டு வந்த அவருடைய ஓவியங்கள் இன்று கொஞ்சம்தான் உள்ளன. தந்தையின் பெயரில் வந்த பல படங்களில் மகளின் கையும் இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஃப்ரீலான்ஸ் என்றால் தனியாள் என்கிறோம். பின்னால் பெயர் வராத ஒருவர் உழைத்துக்கொண்டிருப்பார், பல நேரம் வீட்டுக்குள்ளேயே.

ரெண்டு பேருக்கும் சமையலும் வராது, பெருக்கவும் வராது. வீடு குப்பையாகிவிட்டால் வேறு வீடு. அப்படி மொத்தம் 93 முறை மாறினார் என்பது கணக்கு. பணம் வந்தால் பொட்டலத்தைப் பிரிக்கவே மாட்டார், அரிசிக் கடைக்காரர் வந்து நின்றால் எண்ணாமல் அப்படியே எடுத்துக் கொடுப்பார் என்று சொல்வார்கள். படத்துக்கு நல்ல கூலி வாங்கியவர் ஏன் ஏழையாகவே இருந்தார் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதை ரொமான்டிக்கா எடுத்துக்காதீங்க. கணக்கு எழுதாதது திறமையின் அடையாளம் இல்லை.

எண்பதைத் தாண்டிய பிறகு, ஒபுசே என்ற மலையூரில் தகாய் கோசான் என்ற செல்வந்தர் ஆதரித்தார். அங்கே திருவிழாத் தேர் ஒன்றின் கூரையில் கடல் அலைகளை வரைந்தார். பழைய அலைதான், ஆனால் இந்த முறை படகும் மலையும் இல்லாத வெறும் நீர்.

74 வயதில் எழுதிய ஒரு பின்னுரையில், 70க்கு முன் தான் வரைந்த எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றார். 100 வயதில் ஏதாவது தேறும், 110இல் ஒவ்வொரு புள்ளியும் உயிர் பெறும் என்று கணக்குப் போட்டார். 1849 மே 10 அன்று, ஜப்பானியக் கணக்கில் 90 வயதில் இறந்தார். இன்னும் அஞ்சு வருடம் கிடைத்திருந்தால் உண்மையான ஓவியராகியிருக்கலாமே என்பது கடைசி ஏக்கம்.

அப்போ என்ன முடிவு?

அவர் போன பிறகு அந்தப் படங்கள் ஐரோப்பா போயின. மோனேயும் வான்கோவும் ஜப்பானியப் படங்களைத் தேடிச் சேர்த்தார்கள். 1905இல் இசையமைப்பாளர் டெபுஸி கடலைப் பற்றிய தன் இசைநூலின் அட்டையில் அந்த அலையைப் போட்டார். 2024இல் ஜப்பானின் 1000 யென் நோட்டின் பின்பக்கத்தில் அதே அலை வந்தது. உயிரோடு இருந்தபோது பணம் தங்காத மனுஷனின் படம் இன்று பணத்தின் மேலேயே இருக்கிறது.

ப்ளேஸ்மென்ட்டை விட்டுடுங்கன்னு சொல்ல நான் இதை எழுதல. சேர்ந்துக்கோங்கன்னும் சொல்லல. இந்த வாழ்க்கையில ரெண்டு கணக்கு இருக்கு. பட்டறையை விட்டு வந்ததால்தான் அவர் எந்தப் பாணியையும் கற்க முடிந்தது, எழுபதில் புதுசா ஒண்ணு செய்ய முடிந்தது. அதே காரணத்தால்தான் பக்கவாதம், பஞ்சம், தீ, பதிப்பாளரின் திவால் எல்லாமே நேராக அவர் அடுப்பில் வந்து விழுந்தது. ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள வழியில்லை.

ஆனால் அவருக்கு இல்லாத சில விஷயம் நமக்கு இருக்கு. படத்தோட உரிமை யாருக்குன்னு எழுதி வாங்கலாம். அட்வான்ஸ் கேட்கலாம். எத்தனை தடவை திருத்தம்னு முன்னாடியே சொல்லலாம். ஃபைலை ரெண்டு இடத்துல வைக்கலாம். பொட்டலத்தைப் பிரிச்சு எண்ணலாம். இதெல்லாம் செஞ்சு முடிச்சிட்டு, நாளைக்குக் காலையில யாருக்காகவும் இல்லாம ஒரு சிங்கம் வரைங்க.

வரையத் தெரியாதவங்களுக்கும் ஒரு விஷயம். அடுத்த சிம்போசியத்துக்கு போஸ்டர் வேணும்னு அந்த நண்பரைத் தேடிப் போகும்போது, டீ வாங்கித் தர்றதுக்கு முன்னாடி எவ்வளவுன்னு கேளுங்க.